புது கீபோர்டும் அடிக்கவில்லை! கடைசியில் பார்த்தால் வலது ஷிஃப்ட்

வணக்கம் மக்களே! இன்றைக்குக் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், எங்கள் அத்தையின் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் பஸ் ஹாரன் கேட்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கடை வைத்தால் அப்படித்தான்.

நேற்றுக் காலை அத்தையிடமிருந்து போன். "டேய் தம்பி, கீபோர்டு செத்துப்போச்சுடா. எவ்ளோ தட்டினாலும் ஒரு எழுத்து வரல." ஒருவருடைய வாடகை ஒப்பந்தம் பாதி டைப்பில் நிற்கிறது, அவர் வாசலிலேயே நிற்கிறார்.

கடலூரில் எது கெட்டாலும் முதல் பழி உப்புக்காற்றுக்குத்தான். சைக்கிள் செயினில் தொடங்கி ஜன்னல் கம்பி வரை துரு ஏறும் ஊர், அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. தெரிந்த மெக்கானிக் ஒருவர் போனிலேயே "மாத்திடுங்க" என்றுவிட்டார். 600 ரூபாய்க்குப் புது கீபோர்டு வந்தது. அதுவும் அடிக்கவில்லை!

இங்கேதான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். ஒரே காலையில் இரண்டு கீபோர்டு எப்படிச் சாகும்? நானும் பெரிய புத்திசாலி இல்லை. யூஎஸ்பியை வேறு வேறு ஓட்டையில் செருகினேன், மூன்று முறை ரீஸ்டார்ட் செய்தேன். கடைசியில் கடுப்பாகி ஒரு எழுத்தை அப்படியே அமுக்கிப் பிடித்தேன். ஒரு விநாடி போல ஆனதும் அந்த எழுத்து திரையில் வந்து உட்கார்ந்தது. ஆக, கீபோர்டு சாகவில்லை.

விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் ஒரு செட்டிங்தான் இப்படிச் செய்தது, அதன் பெயர் ஃபில்டர் கீஸ். காலிங் பெல்லைத் தட்டிவிட்டு ஓடும் பையன்களுக்குக் கதவைத் திறக்காத பாட்டி மாதிரி இது. பெல்லை விடாமல் அமுக்கினால்தான் எழுந்து வருவார். நாம் டைப் செய்வதெல்லாம் சட்டென்று தட்டும் தட்டு, அத்தனையையும் விண்டோஸ் கண்டுகொள்ளாது.

யார் போட்டது? இதோ பாருங்கள், வலது பக்க ஷிஃப்டை மட்டும் அமுக்கிப் பிடிக்கிறேன். ஐந்து... ஆறு... ஏழு... எட்டு. சத்தம் கேட்டதா? ஒரு பெட்டி வந்து, போடட்டுமா என்று கேட்கிறது. 8 விநாடி, அவ்வளவுதான். அத்தை போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கையைக் கீபோர்டு மேல் வைத்தே பேசுவார். "பெட்டி எதுவும் வந்துச்சா அத்தை?" என்றேன். "வந்துச்சு, எஸ் குடுத்தேன்." "ஏன் குடுத்தீங்க?" "எஸ் குடுத்தாத்தானே போகும்?" இதற்கு நான் என்ன சொல்வது!

சரி, எடுப்பது எப்படி? மவுஸ் போதும். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, அதில் கீபோர்டு. விண்டோஸ் 10 என்றால் ஈஸ் ஆஃப் ஆக்சஸ் என்று இருக்கும். ஃபில்டர் கீஸை ஆஃப் செய்யுங்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். அதற்குள்ளேயே கீபோர்டு ஷார்ட்கட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, அதையும் ஆஃப் செய்தால்தான் அடுத்த போன் வரும்போது மறுபடி வராது. அவசரத்துக்கு அதே வலது ஷிஃப்டை இன்னொரு 8 விநாடி அமுக்கினாலும் போய்விடும். ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் வருகிற ஸ்டிக்கி கீஸ் (ஷிஃப்ட், கண்ட்ரோல் போன்றவற்றைச் சேர்த்துப் பிடிக்காமல் ஒவ்வொன்றாகத் தட்ட விடுவது) இதன் பங்காளி. அதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

எவன்டா இதை வைத்தான் என்று நேற்று நானும் திட்டினேன். ஆனால் இது கை நடுக்கம் உள்ளவர்களுக்கானது. ஒரு எழுத்துக்குப் போகும் விரல் வழியில் நாலு கட்டையைத் தட்டிவிட்டுப் போகுமே, அந்தத் தவறான தட்டல்களை விழவிடாமல் தடுக்கத்தான். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து டிரேஸ் மையம் உருவாக்கியது, விண்டோஸ் 95 காலத்திலிருந்தே உள்ளே இருக்கிறது. மஞ்சக்குப்பத்தில் எங்கள் தாத்தாவுக்கு நடுக்கம் உண்டு. பேரனுக்கு மெயில் அடிக்க உட்கார்ந்தால் 'வணக்கம்' என்பதில் நாலு 'வ' விழும். நேற்று ராத்திரியே அவர் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தேன், எழுத்தை அமுக்கிப் பிடிக்க வேண்டிய நேரத்தை மட்டும் கொஞ்சம் குறைத்து வைத்திருக்கிறேன்.

அந்த 600 ரூபாய் கீபோர்டா? பெட்டியைப் பிரித்துவிட்டதால் கடையில் திரும்ப வாங்க மாட்டேன் என்கிறார்கள். அத்தை அதை எனக்கே சம்பளமாகக் கொடுத்துவிட்டார். அடுத்த வீடியோ அதில் அடித்துத்தான் வரும். பை மக்களே!