சூரிகாட்டா ஓடுது, ஆனா ட்ராஃபிக்கைப் பார்க்குதா? லினக்ஸ்ல ஏஎஃப்-பாக்கெட் செட்டப்

[திரை: பச்சை நிறத்தில் "ஆக்டிவ்" என்று காட்டும் டெர்மினல்]

சர்வீஸ் ஆக்டிவ். லாக் எழுதுது. எரர் ஒண்ணுகூட இல்ல. இருந்தும் உங்க சூரிகாட்டா, அதாவது நெட்வொர்க்ல ஊடுருவலைக் கண்டுபிடிக்கிற ஐடிஎஸ், பாக்கெட்டுகளைக் கொத்துக் கொத்தா கோட்டை விட்டுக்கிட்டு இருக்கலாம். அதைப் பத்தி ஒரு அலர்ட்டும் வராது, ஏன்னா பார்க்காத பாக்கெட்டுக்கு அலர்ட் எங்கிருந்து வரும்?

ஒரே ஒரு கணக்கு பாருங்க. 10 ஜிகாபிட் லைன்ல எல்லாமே 64 பைட் ஃப்ரேமா வந்தா, விநாடிக்கு 1 கோடியே 48 லட்சத்து 80 ஆயிரம் பாக்கெட். ஒரு பாக்கெட்டுக்குக் கிடைக்கிற நேரம் 67 நானோசெகண்ட். 3 ஜிகாஹெர்ட்ஸ் கோர்ல அது சுமார் 200 க்ளாக் சைக்கிள். நிஜத்துல யார் லைனும் இவ்வளவு கொடூரமா இருக்காது, சரி. ஆனா பாக்கெட்டுக்கு ஒரு சிஸ்டம் கால்னு, அதாவது ஒவ்வொரு தடவையும் கர்னலைக் கூப்பிட்டு வாங்கணும்னு போனா எதுவும் தாங்காதுன்னு இதுலேயே புரியும்.

வரலாறு ஒரே வரியில: பழைய ஐடிஎஸ்ஸான ஸ்னார்ட் 1998ல வந்தது, சூரிகாட்டா 1.0 2010ல, முதல்ல இருந்தே மல்டி-த்ரெட். போதும்.

[திரை: இன்ஸ்டால் கமாண்டுகள்]

உபுண்டு 24.04. சூரிகாட்டாவை உருவாக்குற ஓஐஎஸ்எஃப்-ஓட ஸ்டேபிள் பிபிஏவை, அதாவது பேக்கேஜ் களஞ்சியத்தைச் சேர்த்து, ஆப்ட்ல சூரிகாட்டாவைப் போட்டு, அப்புறம் ரூல்களை இறக்குற சூரிகாட்டா-அப்டேட் ஓட்டுங்க. இங்க ரெண்டு இடத்துல கால் இடறும். சூரிகாட்டாவோட கான்ஃபிக்கான யாம்ல் ஃபைல்ல இன்டர்ஃபேஸ் எத்0ன்னு இருக்கும், உங்க மெஷின்ல அது இஎன்பி3எஸ்0 மாதிரி ஏதோ இருக்கும். "ஐபி லிங்க்" அடிச்சுப் பார்த்து மாத்துங்க. ரெண்டாவது, அப்டேட் ரூல்களை வார்-லிப் கீழ எழுதும். ஆனா சில பேக்கேஜ்கள்ல டீஃபால்ட் ரூல் பாத் இன்னும் இடிசி கீழதான் இருக்கும். அப்படியே விட்டா புது ரூல் எதுவும் லோடே ஆகாது. உள் நெட்வொர்க் எதுன்னு சொல்ற ஹோம்-நெட்ல உங்க சப்நெட்டைப் போட்டுட்டு, சூரிகாட்டா மைனஸ் பெரிய டி அடிச்சு கான்ஃபிக்கை ஒரு தடவை சோதிச்சுக்குங்க.

இப்போ ஏஎஃப்-பாக்கெட், லினக்ஸ் கர்னல்ல இருந்து பாக்கெட்டை வாங்குற வழி. கர்னலும் சூரிகாட்டாவும் ஒரே மெமரி ரிங்கைப் பகிர்ந்துக்கும். கர்னல் அதுல பாக்கெட்டை வைக்கும், சூரிகாட்டா அங்கேயே படிச்சுக்கும். பாக்கெட்டுக்கு ஒரு சிஸ்டம் கால்ங்கிற பேச்சே இல்ல. அந்த ரிங்கோட புது வடிவமான டிபாக்கெட்-வி3 ஆன் பண்ணுங்க, ஆனா ஐடிஎஸ்க்கு மட்டும். ட்ராஃபிக் நடுவுல நின்னு தடுக்குற இன்லைன் ஐபிஎஸ்ஸா ஓட்டினா வி2தான்.

அடுத்தது ஜிஆர்ஓ, எல்ஆர்ஓ. சின்னச் சின்ன பாக்கெட்டுகளை ஒட்டி 64 கேபி வரைக்கும் ஒரே பெரிய பாக்கெட்டா ஆக்குற ஆஃப்லோடு இது. சர்வருக்கு வரம், ஐடிஎஸ்க்கு சாபம். வெட்டுப்பட்ட பாக்கெட்டா உள்ள வந்து, "ட்ரங்கேட்டட் பாக்கெட்"னு அலர்ட் கொட்டும். சூரிகாட்டாவே இதை ஆஃப் பண்ணப் பார்க்கும். நம்பி விட்டுடாம, கார்டு செட்டிங்கைப் பார்க்குற கமாண்டான எத்டூல் மைனஸ் சின்ன கேயில பார்த்துக்குங்க. கையால ஆஃப் பண்ணினது ரீபூட்ல போயிடும், ஒரு சிஸ்டம்டி யூனிட்ல எழுதி வைங்க.

[திரை: இரண்டு திசை அம்புக்குறிகள்]

இனிமேதான் எனக்குப் பிடிச்ச பகுதி. இதைக் கேக்கவாவது வீடியோவை நிறுத்தாம இருங்க!

நெட்வொர்க் கார்டு பாக்கெட்டுகளைப் பல க்யூவாப் பிரிக்கும். ஏஎஃப்-பாக்கெட்டோட க்ளஸ்டர்-க்யூஎம் மோட்ல கார்டோட எந்த க்யூவுல பாக்கெட் விழுதோ, அந்த க்யூவோட த்ரெட்தான் அதைப் பார்க்கும். எந்த க்யூன்னு முடிவு பண்ண நெட்வொர்க் கார்டு ஐபி, போர்ட்டை வச்சு டீஃபால்ட்டா போடுற ஹேஷ்ல கேள்வி ஒரு க்யூவுக்கும், பதில் இன்னொரு க்யூவுக்கும் போயிடும். போன்ல பேசுறவரை ஒரு ஆளும் மறுமுனையை வேற ஆளும் தனித்தனியா ஒட்டுக் கேட்டா எப்படி இருக்கும்? யாருக்கும் முழுக் கதை தெரியாது. டிசிபி ஸ்ட்ரீமைச் சேர்க்க முடியாம ரூல்கள் ஊமை ஆயிடும்.

தீர்வு, 6டி, 5ஏ. இந்த ரெண்டு பைட்டைத் திரும்பத் திரும்ப எழுதி அதையே ஹேஷ் சாவியா கொடுக்கணும். 2012ல தென்கொரியாவோட காய்ஸ்ட் பல்கலைக்கழகத்துல ஷினே வூ, கியோங்சூ பார்க் ரெண்டு பேரும் எழுதின அறிக்கையில வந்தது. ஏன் வேலை செய்யுதுன்னா, கார்டு போடுற டோப்லிட்ஸ்ங்கிற அந்த ஹேஷ்ல ஐபி, போர்ட் எல்லாம் பிட் பிட்டா வரிசையா நிக்கும். எங்க 1 இருக்கோ, சாவியில அதே இடத்துல இருந்து 32 பிட் எடுத்து எக்ஸ்-ஆர் பண்ணும். பதில் பாக்கெட்ல ஐபி ரெண்டும் இடம் மாறும், அதாவது 32 பிட் தள்ளி. போர்ட் 16 பிட் தள்ளி. சாவியோ 16 பிட்டுக்கு ஒரு தடவை அதேதான்! தள்ளிப் போய் எடுத்தாலும் அதே 32 பிட், அதே விடை. ஐபிவி6ல 128 பிட் தள்ளினாலும் இதே கதை. முழுக்கப் பூஜ்யம் போட்டாலும் ரெண்டு திசையும் ஒண்ணாத்தான் வரும், ஆனா மொத்த ட்ராஃபிக்கும் ஒரே க்யூவுல வந்து குவியும். அந்த புத்திசாலித்தனம் வேண்டாம்.

எத்டூல் மைனஸ் பெரிய எக்ஸ்ல ஹெச்கீ கொடுங்க. இன்டெல் 82599ல 40 பைட், எக்ஸ்710ல 52. த்ரெட் எண்ணிக்கையும் க்யூ எண்ணிக்கையும் சமமா இருக்கணும். சாவியை மாத்த விடாத கார்டா? கர்னலே த்ரெட்டுகளுக்குப் பிரிச்சுக் கொடுக்குற க்ளஸ்டர்-ஃப்ளோ வைங்க, எத்டூல்ல கம்பைன்ட் 1ன்னு ஒரே க்யூ ஆக்குங்க. இப்போதைய கர்னல்ல ரெண்டு திசையும் சேர்ந்தே வரும்.

ரிங்-சைஸை வி2ல கண்மூடித்தனமா ஏத்தாதீங்க. அது ஒரு த்ரெட்டுக்கு இத்தனை பாக்கெட்ங்கிற கணக்கு. 2 லட்சம் வச்சு 8 த்ரெட் ஓட்டினா, பாக்கெட்டுக்கு 1,600 பைட்னு போட்டாலும் இரண்டரை ஜிபி ராம் காலி.

ஏஎஃப்-பாக்கெட்டுக்கு மாற்றான பிஎஃப்-ரிங் வேணாமான்னு கேப்பீங்க. நல்ல சரக்குதான், ஆனா தனி கர்னல் மாட்யூல். மாட்யூலைப் புது கர்னலுக்குத் தானா கட்டித் தர்ற டிகேஎம்எஸ் இல்லாம கர்னல் அப்டேட் பண்ணினா அம்பேல். செக்யூர் பூட் இருந்தா கையெழுத்து இல்லாத மாட்யூலை ஏத்தாது. ஜீரோ-காப்பி வேணும்னா லைசென்ஸ். 10 ஜிகாபிட் வரைக்கும் ஏஎஃப்-பாக்கெட்டே போதும்ங்கிறது என் கட்சி. மாத்துக் கருத்து இருந்தா கமெண்ட்ல சண்டைக்கு வாங்க.

[திரை: கர்ல் கமாண்ட்]

சோதனைக்கு, சென்சார் பார்க்குற ஒரு மெஷின்ல இருந்து டெஸ்ட்மைனிட்ஸ் தளத்தோட யூஐடி பக்கத்தை கர்ல் பண்ணுங்க. ஹெச்டிடிபிதான், ஹெச்டிடிபிஎஸ் இல்ல. ஃபாஸ்ட் லாக்ல 2100498ங்கிற ரூல் எண் வந்தா ரூல் வேலை செய்யுது.

கடைசியா ஸ்டாட்ஸ் லாக். 8 விநாடிக்கு ஒரு தடவை எழுதும். கேப்சர் கர்னல் பாக்கெட்ஸ், கேப்சர் கர்னல் ட்ராப்ஸ் ரெண்டையும் ஒப்பிடுங்க. ட்ராப்ஸ் பூஜ்யமா இருந்தாலும் அதோட நிறுத்தாதீங்க. கார்டே தவறவிட்ட பாக்கெட் இந்தக் கணக்குல வராது. எத்டூல் மைனஸ் பெரிய எஸ்ல ஆர்எக்ஸ் மிஸ்ட் எரர்ஸைப் பாருங்க. அது ஏறிக்கிட்டே இருந்தா யாம்லைத் திருத்தி ஒண்ணும் ஆகாது. எத்டூல் மைனஸ் பெரிய ஜியில கார்டோட ஆர்எக்ஸ் ரிங்கை ஏத்திட்டு, வொர்க்கர் த்ரெட்டுகளை கார்டு இருக்கிற நூமா நோட்லயே, அதாவது கார்டுக்குப் பக்கத்துல இருக்கிற சிபியூ-மெமரி தொகுதியிலேயே, கட்டிப் போடுங்க.