கப்பர்நகூம்: வெள்ளைச் சுவருக்கு அடியில் ஒரு கறுப்புச் சுவர்

எல்லாருக்கும் வணக்கம். நான் இப்போது நிற்பது இஸ்ரேலில் இருக்கிற கப்பர்நகூமில். பின்னால் தெரிகிற தண்ணீர்தான் கலிலேயாக் கடல். கடல் என்று சொன்னாலும் இது நன்னீர் ஏரி. கடல் மட்டத்தைவிட 200 மீட்டருக்கும் மேல் தாழ்வான இடம், காலையிலேயே புழுங்குகிறது. கதவு திறந்ததுமே உள்ளே வந்துவிட்டேன். பேருந்துகள் வந்து கூட்டம் சேர்வதற்குள் இங்கே இருக்கிற ஜெப ஆலயத்தை, அதாவது யூதர்கள் கூடி ஜெபித்த பழைய கட்டடத்தை, நிதானமாகக் காட்டிவிடுகிறேன்.

முதலில் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்போம். ஊர் முழுக்கக் கறுப்பு. வீட்டுச் சுவர், திரிகை, எண்ணெய்ச் செக்கு எல்லாம் இந்தப் பக்கத்திலேயே கிடைக்கிற எரிமலைக் கல். அதற்கு நடுவே இந்த ஜெப ஆலயம் மட்டும் பளீரென்று வெள்ளை. இந்தச் சுண்ணாம்புக்கல் இந்த ஊரில் கிடைப்பதில்லை, வெளியிலிருந்து கொண்டுவந்திருக்கிறார்கள். மீன்பிடித்தும் பயிர்செய்தும் பிழைத்த ஊர் இது. இவ்வளவு செலவு செய்து கட்டினார்கள் என்றால் அந்த இடத்தை எந்த அளவுக்கு நேசித்திருப்பார்கள்!

சரி, உள்ளே போவோம். கூடம் ஏறக்குறைய 24 மீட்டர் நீளம், 18 மீட்டருக்குச் சற்று மேல் அகலம். சுவரை ஒட்டி இருக்கிறதே, இந்தக் கல் திண்ணையில்தான் உட்கார்ந்தார்கள். வாசல் தெற்கே, எருசலேம் இருக்கிற திசையில். தூண் தலைப்பு ஒன்றில் ஏழு கிளை விளக்கைச் செதுக்கியிருக்கிறார்கள், பக்கத்திலேயே ஆட்டுக்கொம்பு எக்காளம், தூபக் கரண்டி. இன்னொரு கல்லில் சக்கரம் வைத்த ஒரு சின்னக் கோயில். அது உடன்படிக்கைப் பெட்டிதான் என்று பலர் சொல்கிறார்கள்.

இங்கே வருகிற எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. இயேசு நின்று போதித்தது இதே இடத்தில்தானா? யோவான் 6-ஆம் அதிகாரத்தில் கப்பர்நகூம் ஜெப ஆலயம் வருகிறதே, அதனால் கேட்கிறார்கள். இந்த வெள்ளைக் கட்டடம் அது இல்லை. 1905-இல் தோண்டிய ஜெர்மானியர்கள் இதை இன்னும் பழையது என்று நினைத்தார்கள். 1968-க்குப் பிறகு கொர்போ, லொஃப்ரெதா என்ற இரண்டு பிரான்சிஸ்கன் துறவிகள் தளக்கல்லுக்கு அடியில் தோண்டினார்கள். 20,000-க்கும் மேற்பட்ட செப்புக் காசுகள் கிடைத்தன, எல்லாமே சில்லறைக் காசுகள். அந்தக் காசுகளையும் பானை ஓடுகளையும் வைத்துப் பார்த்தால் இந்தக் கட்டடம் 4-ஆம் நூற்றாண்டின் கடைசி அல்லது 5-ஆம் நூற்றாண்டு.

ஏமாற்றமாக இருக்கிறதா? அவசரப்படாதீர்கள். இப்போது தென்மேற்கு மூலைக்கு வந்துவிட்டேன், கேமராவைக் கீழே இறக்குகிறேன். மேலே வெள்ளைக் கல், அதற்குக் கீழே கறுப்புக் கல் வரிசை. கிட்டே பாருங்கள், இரண்டும் நேர்கோட்டில் இல்லை. மேலே இருப்பதற்கும் கீழே இருப்பதற்கும் கொஞ்சம் விலகல் இருக்கிறது. அந்தக் கறுப்புச் சுவர் முதல் நூற்றாண்டு ஜெப ஆலயத்தின் சுவர் என்பது அந்தத் துறவிகளின் முடிவு. இங்கே வைத்திருக்கிற பலகையும் அதைத்தான் சொல்கிறது. லூக்கா 7-இல் நூற்றுக்கு அதிபதி என்கிற படை அதிகாரி கட்டிக்கொடுத்ததாக வருகிற ஆலயம் இதுவாக இருக்கலாம். இல்லை, அது வெறும் அஸ்திவாரம்தான் என்று சொல்கிற ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். எனக்குத் துறவிகள் சொல்வதுதான் சரியாகப் படுகிறது. மேலே இருக்கும் கட்டடத்துக்காகவே போட்ட அஸ்திவாரம் என்றால் ஏன் இப்படி விலகி நிற்க வேண்டும்? கையை வைத்துப் பார்க்கிறேன், கல் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது.

அப்புறம், நான் காட்டியே ஆக வேண்டும் என்று நினைத்தது இந்தத் தூண். அரமேய எழுத்து, வெயில் சாய்வாக விழும்போதுதான் தெரிகிறது. யோகனானின் மகன் ஸெபிதா, அவன் மகன் ஹல்ஃபூ இந்தத் தூணைச் செய்தான், அவனுக்கு ஆசீர்வாதம் உண்டாகட்டும் என்று எழுதியிருக்கிறது. அப்படியே ஓர் உபயக் கல்வெட்டு. அந்தப் பெயர்களை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். யோகனான் என்றால் யோவான். ஸெபிதா, நம் வேதாகமத்தின் செபெதேயு. ஹல்ஃபூ, அல்பேயு. சீஷர்களும் அவர்களுடைய தகப்பன்மாரும் வைத்திருந்த அதே பெயர்களை, ஏறக்குறைய 400 வருடம் கழித்தும் இந்தக் கரையில் பிள்ளைகளுக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். இதைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கல்லை இழைத்தவனோ காசு கொடுத்தவனோ, யாராக இருந்தாலும் ஹல்ஃபூ இந்த ஊர்க்காரன், யூதன், இங்கே உட்கார்ந்து ஜெபித்தவன். நாம் இயேசுவைத் தேடி வருகிறோம், சரிதான். ஆனால் இவனைப் பார்க்காமல் போய்விடாதீர்கள்.

இங்கிருந்து ஏரிப் பக்கமாக ஒரு நிமிட நடைதான், பேதுருவின் வீடு என்று சொல்கிற இடம் வந்துவிடும். அதன் மேல் 5-ஆம் நூற்றாண்டில் எண்கோணத் தேவாலயம் ஒன்று எழுந்தது. அதற்கும் மேலே நிற்கிற புதிய ஆலயம் 1990-இல் கட்டியது. அதைத் தனி வீடியோவாகப் போடுகிறேன்.

முதல் பேருந்து வந்துவிட்டது, சத்தம் கேட்கிறதா? நீங்கள் வருவதாக இருந்தால் காலையில் முதல் ஆளாக வாருங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். உள்ளே வந்ததும் முதலில் தென்மேற்கு மூலை, அடுத்து ஹல்ஃபூவின் தூண். வெயில் உச்சிக்கு ஏறிவிட்டால் அந்த எழுத்து கண்ணுக்குத் தெரியாது.