கதியாலை எண்ணுகிறோமா, இடைவெளியை எண்ணுகிறோமா?

பிள்ளைகளே, பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

ஒரு கணக்கோடு தொடங்குகிறேன். 100 அடி நீளத்துக்கு வேலி அடைக்கவேண்டும். இரண்டடிக்கு ஒரு கதியால். எத்தனை கதியால் வெட்டவேண்டும்? ஐம்பது என்கிறீர்கள். வகுத்தது சரிதான். ஆனால் அந்த ஐம்பது இடைவெளிகளின் தொகை. இரண்டு முனையிலும் கதியால் நிற்கவேண்டும் என்றால் 51 வேண்டும். வேலி அடைக்கிற பெரியவர்கள் இதைக் கேட்காமலே ஒன்றைக் கூட்டி வெட்டுவார்கள். கணினிக்கு அந்தப் பழக்கம் கிடையாது, நாங்கள்தான் சொல்லவேண்டும்.

நல்லூர்த் திருவிழாவைப் பாருங்கள். 2024 இல் ஓகஸ்ட் 9 கொடியேற்றம், செப்டெம்பர் 2 தீர்த்தம். நிரலில் ஒரு திகதியிலிருந்து மற்றதைக் கழித்தால் 24 என்று வரும். திருவிழாவோ 25 நாள். கழித்தல் இடைவெளியைத் தருகிறது. நாங்கள் கொடியேறிய நாளையும் சேர்த்து எண்ணுகிறோம். அந்தியேட்டிக்கு 31 ஆம் நாள் பார்க்கும்போதும் இதே முறைதான்.

இனிப் பைத்தன் என்ற கணினி மொழிக்கு வருவோம். அந்த 25 நாளையும் வரிசையாக அச்சிட ஒரு பிள்ளை லூப், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்விக்கும் நிரல், எழுதுகிறது: தொடக்கம் 1, முடிவு 25. ரேஞ்ச் என்ற கட்டளை முடிவாகக் கொடுத்த எண்ணைத் தொடாமல் அதற்கு முந்தியதோடு நின்றுவிடும். 24 ஆம் நாள் தேர் வரும், 25 ஆம் நாள் தீர்த்தம் வராது! திரையில் பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் இதிலே ஆபத்து. முடிவை 26 என்று கொடுத்தால் தீர்த்தமும் வரும்.

ஏன் இப்படி வைத்தார்கள் என்று பிள்ளைகள் கோபிப்பதுண்டு. நியாயமான கேள்வி. நெதர்லாந்து அறிஞர் டைக்ஸ்ட்ரா 1982 இல் இதற்கு விடை எழுதினார். தொடக்கத்தைச் சேர்த்து, முடிவை விட்டு எண்ணினால், முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்ததே மொத்தத் தொகை. பூச்சியத்தில் தொடங்கினால் முடிவெண்ணே தொகையாகிவிடும். எனக்கு இது மிக அழகான ஏற்பாடாகவே படுகிறது.

ஆனால் 'எப்போதும் ஒன்றைக் கூட்டு' என்று மனனம் செய்துவிடாதீர்கள். வளவைச் சுற்றி 400 அடி அடைப்பதென்றால் 200 கதியாலே போதும். கடைசி இடைவெளி முதற்கதியாலிலேயே வந்து முடிகிறது. கிழமை நாட்களும் அப்படிச் சுற்றி வருபவைதான். ஞாயிறு 0, சனி 6 என்று வைத்தால், 6 உடன் 1 கூட்டி 7 ஆல் வகுக்க மீதி 0, அதாவது ஞாயிறு. இன்று வீட்டுக்குப் போனதும் இந்த ஒரு வரியை நிரலாக எழுதி ஓட்டிப் பாருங்கள்.