ஏழாவது பொருள் துணைவிதி, எட்டாவது பொருள் பொன்னாடை

[காட்சி: வாய்க்கால் மதகு. கம்பித் தடுப்பில் அடைத்து நிற்கும் குப்பை. சில விநாடிகளுக்குத் தண்ணீர் ஓசை மட்டும்.]

மேட்டூரில் தண்ணீர் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. அது கல்லணைக்கு வந்து சேர மூன்று நாள் பிடிக்கும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, ஆற்றிலிருந்து வாய்க்காலில் இறங்கி, எங்கள் ஊர்க் கடைத்தெருவின் பின்பக்கம் எட்டிப்பார்க்க இன்னும் சில நாள். முதலில் வருவது தண்ணீர் இல்லை. தண்ணீர் தள்ளிக்கொண்டு வரும் குப்பை. போன வருஷம் இந்த மதகில் மாட்டியதை நின்று பார்த்தேன். தண்ணீர் பாட்டில், தெர்மாகோல் பெட்டி, டயாப்பர், காய்ந்துபோன கல்யாண மாலை, பாதித் தலையணை, சாமி படம் போட்ட காலண்டர் அட்டை.

நீளக் கம்பில் கொக்கி கட்டி அதையெல்லாம் இழுத்துக் கரையில் போட்டவர் நகராட்சி ஊழியர் இல்லை. பக்கத்தில் டீக்கடை வைத்திருப்பவர். பெயரைப் போடாதே என்று சொல்லிவிட்டார். அதனால் அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம். கூட நான்கைந்து பையன்கள்.

[காட்சி: அச்சடித்த கூட்ட அஜெண்டா. விரல் ஏழாவது எண்ணில் நிற்கிறது.]

இந்த அண்ணனுக்கு நகர்மன்றக் கூட்டத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். அஜெண்டாவில் அது எட்டாவது பொருள். அதற்கு முந்தைய பொருள், திடக்கழிவு மேலாண்மை வரைவுத் துணைவிதி. பல பக்கம் ஓடுகிற வரைவு அது. 'படித்ததாக எடுத்துக்கொள்ளலாமா?' என்று ஒரு குரல். 'எடுத்துக்கொள்ளலாம்' என்று நாலைந்து குரல். அவ்வளவுதான், அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். பொன்னாடை, கேடயம், குரூப் போட்டோ எல்லாம் முடிய முக்கால் மணி நேரம்.

எந்த ஊர் என்று கேட்காதீர்கள். டெல்டாவில் எந்த ஊர்க் கூட்டத்தைப் பார்த்தவருக்கும் இது புதிதாக இருக்காது.

சரி, துணைவிதி என்றால் என்ன? சட்டத்தைச் சட்டமன்றம் போடுகிறது. அந்தச் சட்டத்தின் கீழ் விதிகளை அரசு போடுகிறது. அதற்கும் கீழே, நம் ஊருக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி நம் மன்றம் போடுவது துணைவிதி. கீழே இருப்பதால் சின்னது என்று நினைத்துவிட வேண்டாம். உங்கள் வீட்டு வாசலில் வந்து ரசீது கிழிப்பது இதுதான்.

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி, நாகப்பட்டினம் எல்லாம் 1866லேயே நகராட்சியான ஊர்கள். நம் நகராட்சிகள் மிக நீண்ட காலம் ஓடியது 1920ஆம் ஆண்டுச் சட்டத்தில். அதற்குப் பதிலாக வந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்தின் பெயரிலேயே 1998 இருக்கிறது. ஆனால் விதிகளோடு அது அமலுக்கு வந்தது 2023 ஏப்ரலில். கால் நூற்றாண்டு! ஒரு குழந்தை பிறந்து, படித்து, வேலைக்கே போயிருக்கும்.

[காட்சி: நகராட்சி அலுவலக அறிவிப்புப் பலகை. ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டிய தாள்கள்.]

துணைவிதி வருகிற வழி இது. அதிகாரிகள் வரைவு தயாரிப்பார்கள். மன்றத்தில் வைப்பார்கள். மக்கள் பார்வைக்கு வெளியிட்டு, ஆட்சேபணையோ யோசனையோ இருந்தால் இத்தனை நாளுக்குள் எழுத்து மூலம் கொடுங்கள் என்பார்கள். வந்ததைப் பரிசீலித்து, ஒப்புதல் வாங்கி, அரசிதழில் வந்தால் முடிந்தது. நமக்கு இடம் இருப்பது அந்த 'இத்தனை நாளுக்குள்' என்ற இடத்தில் மட்டும். அந்த அறிவிப்போ டெண்டர் நோட்டீசுக்கும் வரி பாக்கி நோட்டீசுக்கும் நடுவில் பொடி எழுத்தில் ஒட்டியிருக்கும். நானும் அந்தப் பலகையைப் பல தடவை தாண்டிப் போயிருக்கிறேன்.

குப்பைக்குத் தனியாகத் துணைவிதி எதற்கு என்றால், 2016ல் மத்திய அரசு கொண்டுவந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், ஒவ்வொரு உள்ளாட்சியும் ஓராண்டுக்குள் சொந்தத் துணைவிதி எழுத வேண்டும் என்றன. தரம் பிரிப்பது, கட்டணம், அபராதம் மூன்றும் அதில் வர வேண்டும். சொத்துவரியோடு சேர்ந்து வருகிற, ஊரில் 'குப்பை வரி' என்று திட்டுகிறோமே, அந்தக் கட்டணத்தின் வேர் இங்கேதான்.

அந்த 2016 விதிகளில் ஒரு வரி இருந்தது, எனக்குப் பிடித்த வரி. உரிமம் இல்லாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடுகிற நிகழ்ச்சி நடத்துவதானால் மூன்று வேலை நாளுக்கு முன்பே உள்ளாட்சிக்குச் சொல்ல வேண்டும். குப்பையைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பும் நடத்துபவருடையது. டெல்லியில் உட்கார்ந்து எழுதும்போது யாருக்கும் எதுவும் தோன்றியிருக்காது. நம் ஊரில் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்! தெருவை அடைத்துப் பந்தல் போட்டுக் காதுகுத்து. மஞ்சள் நீராட்டு. அம்மன் கோயில் அன்னதானம். பதினாறாம் நாள் காரியம். எதில் நூறு பேருக்குக் குறைவு? வாழை இலை மாட்டுக்குப் போய்விடும், அது பிரச்சினையே இல்லை. பிரச்சினை இலைக்குப் பக்கத்தில் வைக்கிற குட்டித் தண்ணீர் பாட்டில். முந்நூறு இலை என்றால் முந்நூறு பாட்டில், பந்தியில் பாதி குடித்து மீதி வைத்தது. காப்பிக்கு பேப்பர் கப். பிளாஸ்டிக் பூச்சுப் பூசிய கப்பைத் தமிழ்நாடு 2019 ஜனவரி 1லேயே தடை செய்துவிட்டது. பந்தலுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

இதே வரியை ஊர்த் துணைவிதியில் அப்படியே தமிழாக்கி வைத்தால் யாரும் மதிக்கப்போவதில்லை. பந்தல்காரர், சமையல்காரர், மைக்செட்காரர் மூவரில் ஒருவர் இல்லாமல் ஊரில் விசேஷம் நடக்காது. நாள் குறித்த கையோடு அவர்களிடம்தான் போகிறோம். பந்தலுக்கு அட்வான்ஸ் வாங்கும்போதே ஒரு சீட்டில் தேதியும் தெருவும் எழுதி நகராட்சிக்குக் கொடுக்கச் சொல்லலாம். காரியத்துக்கு மூன்று நாள் முன்னறிவிப்பு என்பதெல்லாம் சில நேரம் நடக்காது, அதற்கு விலக்கு வேண்டும். சட்டம் படித்தால் வருகிற யோசனை இல்லை இது. பந்தி பரிமாறியவனுக்கு வருவது.

[காட்சி: இரவு பத்து மணி. கடைத்தெருவில் ஷட்டர்கள் இறங்குகின்றன. ஒருவர் மூட்டையோடு கடைக்குப் பின்னால் நடக்கிறார்.]

பொன்னாடைக்கு அடுத்த நாள் அண்ணன் கடையில் உட்கார்ந்திருந்தேன். எப்படியண்ணே இருந்தது என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. வீட்ல போட்டோவ மாட்டிட்டாங்க." டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "ஆனா ஒருத்தராவது கேட்டிருக்கலாம், இந்தக் குப்பை எங்கேருந்து வருதுன்னு."

எங்கிருந்து வருகிறது?

"குப்பை வண்டி காலைல ஏழு மணிக்கு வந்துட்டுப் போயிடுது. இந்தத் தெருவுல எவன் ஏழு மணிக்குக் கடை திறக்கிறான்? பத்து மணிக்குத் திறக்கிறான், ராத்திரி பத்து மணிக்குப் பூட்டுறான். அன்னிக்குச் சேர்ந்த குப்பையை உள்ள வச்சுப் பூட்டினா எலி வரும். வெளில வச்சா நாய் கிளறும். அப்புறம் என்ன, பின்னாடிதானே வாய்க்கா."

நான் வரைவை எடுத்துப் பார்த்தேன். வாய்க்காலில் குப்பை கொட்டினால் அபராதம் என்று இருக்கிறது. இரவில் வண்டி வருமா என்று எங்கேயும் இல்லை. பத்து வருஷமாக அந்தக் கம்பியில் குப்பை இழுக்கிறவருக்குத் தெரிந்த விஷயம், அதே மன்றத்தில், அதே நாளில், பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தது. ஏழாவது பொருளையும் எட்டாவது பொருளையும் இடம் மாற்றி, பொன்னாடையைப் போர்த்திவிட்டு, உட்காருங்கள், இந்த வரைவில் எது நடக்கும் எது நடக்காது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

[காட்சி: மேலிருந்து எடுத்த படம். ஒரே சட்டகத்தில் தெருச் சாக்கடை, வாய்க்கால், கோயில் குளம்.]

இன்னொரு சிக்கலும் அவருக்குத் தெரியும். சாக்கடை நகராட்சியுடையது. வாய்க்கால் நீர்வளத்துறையுடையது. கோயில் குளம் அறநிலையத்துறையுடையது. ஒரு பாலித்தீன் பை சாக்கடையில் விழுந்து, வாய்க்காலில் மிதந்து, குளத்தில் போய் ஒதுங்குவதற்குள் மூன்று அலுவலகத்தைக் கடந்துவிடும். பைக்கு எந்தத் தடையும் இல்லை. கொக்கியோடு போகிற பையன்களைத்தான் 'யாரைக் கேட்டு இறங்கினே?' என்று கேட்பார்கள். தன்னார்வலர்கள் எந்தக் கரையில் இறங்கலாம், அள்ளிப்போட்டதை யார் எத்தனை மணிக்குள் எடுத்துப் போக வேண்டும் என்று எழுதி வைத்தால் போதும். அள்ளியதை எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு மழை. திரும்பவும் வாய்க்காலுக்குள்.

ஊர் வேலைக்கு ஊரே இறங்குவது டெல்டாவுக்குப் புதிதில்லை. குடிமராமத்து என்று அதற்குப் பெயரே உண்டு. ஆற்றில் தண்ணீர் வருமுன் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போய் வாய்க்கால் வெட்டுவது. வெள்ளைக்காரன் 1858ல் அதைச் சட்டமாகவே எழுதினான். வழக்கப்படி வர வேண்டியவன் காரணமில்லாமல் வராவிட்டால், அவன் செய்ய வேண்டிய வேலையின் மதிப்பைப்போல இரண்டு மடங்கு பணம் கட்ட வேண்டும். அந்த வழக்கத்தை ரொம்பவும் உருகிப் பேச வேண்டியதில்லை. வீட்டுக்கு ஓர் ஆள் என்றாலும் மண்வெட்டி பிடித்தது யார், வரப்பில் குடை பிடித்து நின்றது யார் என்று தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டாம். இன்றைக்கும் சாக்கடைக்குள் இறங்குவது தன்னார்வலரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. தூய்மைப் பணியாளர்கள்தான். எட்டாவது பொருளில் அவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. சம்பளம் வாங்கிச் செய்கிறார்களே என்று ஒருவர் சொன்னார். அந்தச் சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதிக்கு வருகிறது என்று அவரைக் கேட்டால் தெரியாது.

கஜா புயலை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. விடிந்து பார்த்தால் ரோடே தெரியவில்லை, தென்னை மரம்தான் தெரிந்தது. அரசு வண்டி வருமுன் அரிவாளும் மரம் அறுக்கிற மிஷினும் வைத்துக்கொண்டு வழி எடுத்தவர்கள் அந்தந்த ஊர்ப் பையன்கள். அடுத்த வருஷம் பேராவூரணிப் பெரிய ஏரியைத் தூர்வார இறங்கியவர்களும் அந்தப் பகுதி இளைஞர்கள்தான்.

[காட்சி: பள்ளிக்கூட வராந்தாவில் பகுதி சபை. பிளாஸ்டிக் நாற்காலிகள், பாதி காலி.]

அப்படியானால் இவர்கள் பேச வழி இல்லையா? இருக்கிறது. 2022ல் வந்த விதிகள்படி நகர்ப்புறத்தில் வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. கிராம சபை மாதிரிதான், நகரத்துக்கு. வார்டைச் சில பகுதியாகப் பிரிப்பார்கள், அந்தப் பகுதியின் வாக்காளர்கள் சபைக்கு வரலாம். வார்டு குழுவுக்குக் கவுன்சிலர் தலைவர். உள்ளாட்சிகள் தினமான நவம்பர் 1ஆம் தேதி, அதே 2022ல், பகுதி சபைகள் தொடங்கின. நான் போன கூட்டத்தில் தெருவிளக்கும் நாய்த்தொல்லையும் பேசி முடிவதற்குள் டீ வந்துவிட்டது. வரைவுத் துணைவிதியை அங்கே கொண்டுவந்து வைக்கச் சொல்லி நாம்தான் கேட்க வேண்டும்.

கூட்டத்தில் என்ன தீர்மானம் போட்டார்கள் என்று தெரிய வேண்டுமா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதி, பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும்.

ஆட்சேபணைக் கடிதத்துக்கு ஸ்டாம்ப் எதுவும் வேண்டாம். பெறுநர், ஆணையர். எந்தப் பிரிவு, அதில் என்ன மாற்ற வேண்டும், ஏன். ஒரு பக்கம் போதும். 'ஊர் நாறுகிறது, நடவடிக்கை எடுக்கவும்' என்று எழுதினால் அது புகார், அதை வேறு ஃபைலில் போட்டுவிடுவார்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்காமல் வராதீர்கள்.

[காட்சி: டீக்கடை பெஞ்ச். வெள்ளைத் தாள், நீலப் பேனா.]

கடைசித் தேதிக்கு நாலு நாள் முன்னால் அண்ணனும் நானும் எழுதினோம். கடைத்தெருவுக்கு இரவு பத்தரைக்கு ஒரு வண்டி. கரையில் அள்ளிப்போட்டதை மறுநாள் மதியத்துக்குள் எடுப்பது. பந்தல்காரர் சீட்டு. மூன்றே கோரிக்கை. கீழே அண்ணன், பையன்கள், இருபத்திரண்டு கடைக்காரர்கள் கையெழுத்து. முதலில் கையெழுத்துப் போட்டது, ராத்திரி மூட்டையோடு பின்பக்கம் போகிறாரே, அந்தக் கடைக்காரர்தான்.

தபால் பிரிவில் இருந்த அம்மா தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "துணைவிதிக்கா? இதுவரைக்கும் இது ஒண்ணுதான் வந்திருக்கு" என்று சொல்லி முத்திரை குத்தினார்.

அந்தப் பொருள் திரும்ப மன்றத்துக்கு வரும்போது அடுத்த வீடியோ போடுகிறேன்.