சில்வாவின் இரண்டு வீடுகள்

நேயர்களுக்கு வணக்கம். பேச்சும் பாட்டும் ஆட்டமும் கலந்து, காதலும் சிரிப்புமாக ஓடும் இசை நாடகத்தை ஆப்பரெட்டா என்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் வியன்னா நகரம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதை உயிராக நேசிக்கிற இன்னும் இரண்டு நாடுகள் உண்டு: ஹங்கேரியும் ரஷ்யாவும். இந்த இரண்டையும் இணைத்தது பெரும்பாலும் ஒரே மனிதரின் இசை.

இம்ரே கால்மான் 1882இல் ஹங்கேரியின் பாலட்டன் ஏரிக்கரையில், ஷியோஃபோக் என்ற ஊரில் பிறந்தவர். அவருடைய 'சார்தாஷ் இளவரசி' 1915 நவம்பரில் வியன்னாவில் மேடையேறியது. சார்தாஷ் என்பது ஹங்கேரிய நாட்டுப்புற ஆட்டம், அதற்கான இசையும் அதே பெயர்தான். சில்வா என்ற பாடகியை எட்வின் என்ற இளவரசன் காதலிக்கிறான். மேடையில் பாடுகிறவள் மருமகளாக வரக் கூடாது என்கிறது அவன் குடும்பம். கதை இவ்வளவுதான். அப்போது முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. ஆஸ்திரியா-ஹங்கேரியும் ரஷ்யாவும் எதிரெதிர் அணிகள். அப்படியிருந்தும் போர்க்காலத்திலேயே இந்த நாடகம் ரஷ்ய மேடைக்கு வந்துவிட்டது. பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்: 'சில்வா'. ரஷ்யர்களுக்கு இன்றுவரை அது சில்வாதான்.

அப்புறம் இரண்டாம் உலகப்போர். மறுபடியும் எதிரிகள். 1943 ஜனவரியில் ரஷ்யாவின் டான் ஆற்றங்கரையில் ஹங்கேரியின் இரண்டாவது படை சிதறிப்போனது. அதே போரில், முற்றுகையில் பசியால் செத்துக்கொண்டிருந்த லெனின்கிராடில், இசை நகைச்சுவை நாடக அரங்கு விடாமல் நாடகம் போட்டுக்கொண்டிருந்தது. 1944இல் யூரல் மலைப்பக்கம் ஸ்வெர்ட்லோவ்ஸ்கில் புதிதாகத் தொடங்கிய படப்பிடிப்பு நிலையம் தன் முதல் கதைப்படமாக எடுத்தது எதைத் தெரியுமா? சில்வாவைத்தான். எதிரி நாட்டுக்காரர் போட்ட மெட்டு என்று அதை யாரும் ஒதுக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடும்.

இரு நாட்டு நாடகக்காரர்களும் சேர்ந்து வேலை செய்வது ஏன் எளிது என்றால், பாத்திர வகைகள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். நாயகி ப்ரிமடோனா, நாயகன், துடுக்கான இளம் துணைநாயகி சூப்ரெட், ஆடிக்கொண்டே சிரிக்க வைக்கிறவர். கடைசியில் சொன்னவரை ரஷ்யர்கள் 'ப்ரஸ்தாக்', அதாவது வெகுளி என்பார்கள். விருந்தாளியாக வருகிற நடிகருக்கு, தான் எங்கே நிற்க வேண்டும், யாரோடு ஆட வேண்டும் என்பது முன்பே பாதி தெரிந்திருக்கும்.

சிக்கல் மொழியில்தான். ஹங்கேரிய மொழியில் அழுத்தம் எப்போதும் சொல்லின் முதல் அசையில் விழும். ரஷ்ய மொழியில் அது சொல்லுக்குச் சொல் இடம் மாறும். ஒரே மெட்டில் இரண்டு மொழிகளையும் உட்கார வைப்பது சும்மா இல்லை.

கதையையும் இரண்டு பக்கத்தாரும் தங்கள் மனதுக்கேற்ப வளர்த்தார்கள். புடாபெஸ்ட் ஆப்பரெட்டா அரங்கு 1954இல் நாடகத்தையே திருத்தி எழுதி, எட்வினின் தாயைப் பெரிய பாத்திரமாக்கியது. அதில் நடித்தவர் ஹன்னா ஹொந்தி. அப்போது அவருக்கு வயது 61! ஊரே அவரைப் பார்க்கத் திரண்டது. 1950களின் நடுவில் புடாபெஸ்ட் குழு சோவியத் நாட்டுக்கும் போய் நாடகம் போட்டது. நாற்பது ஆண்டுகளாகச் சில்வாவைத் தங்கள் வீட்டுப் பெண்ணாக நினைத்தவர்கள், அவளைப் பிறந்த வீட்டுக்காரர்களே பாடக் கேட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது; அந்த அரங்கில் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருக்க மாட்டோமா என்று ஏங்கியிருக்கிறேன்.

கால்மானின் மனைவி வேரா, ரஷ்யாவின் பெர்ம் நகரில் பிறந்தவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, ஒரு வேண்டுகோள். சில்வா முதலில் மேடைக்கு வந்து பாடும் பாட்டை ஒருமுறை ஹங்கேரிய மொழியில் கேளுங்கள், அடுத்து ரஷ்ய மொழியில். சார்தாஷ் மெதுவாகத் தொடங்கும். பாடகி ஒரு சுரத்தைப் பிடித்து நீட்டுவார், வாத்தியங்கள் காத்திருக்கும். பிறகு சட்டென்று வேகம் பிடிக்கும். அந்தக் காத்திருப்பு இரண்டிலும் எவ்வளவு நேரம் நீள்கிறது என்று கவனியுங்கள். வணக்கம்.