காரில் மரப்பிசினா? தேய்க்காதீர்கள், ஊறவிடுங்கள்

வணக்கம் நண்பர்களே. நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன், ஏனென்றால் இது காய்ந்துகொண்டே இருக்கிறது. கேமராவைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோகிறேன்... இதோ, பானெட்டின் இடது பக்கம், வைப்பருக்கு நான்கு விரல் முன்னால், மிளகு அளவில் ஐந்தாறு துளி தெரிகிறதா? தேன் நிறத்தில், மேலே கண்ணாடி மாதிரி மினுங்குகிறது. இரண்டு நாள் ஒரு பைன் மரத்தடியில் நின்ற வண்டி இது.

இதைப் பார்த்ததும் எல்லோருடைய கையும் முதலில் எங்கே போகும்? நகத்துக்கு. தயவுசெய்து வேண்டாம். இந்தக் கதவுப் பிடிக்குக் கீழே பாருங்கள், வெளிச்சத்தைச் சாய்த்தால் பிறை மாதிரி ஒரு கீறல் தெரியும். போன வருடம் நான் நகத்தால் சுரண்டியது. பிசின் போய்விட்டது, கீறல் இன்னும் இருக்கிறது. நிறத்துக்கு மேலே இருக்கிற கிளியர் கோட் பெரும்பாலான வண்டிகளில் 40, 50 மைக்ரான்தான், ஒரு தலைமுடியை விட மெல்லியது. அதை நம்பி நகமோ, பிளேடோ, பாத்திரம் தேய்க்கிற நாரோ வைக்க முடியுமா சொல்லுங்கள்.

சரி, இன்னொரு விஷயம், இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பிசின் என்று நாம் ஒரே பெயரில் சொல்கிறோம், ஆனால் காரில் விழுவது ஒன்றல்ல. வேம்பு, கருவேலம் வடிக்கிற பிசின் சர்க்கரை இனத்தைச் சேர்ந்தது, அது தண்ணீரில் ஊறி இளகும். பைன் வடிப்பது வேறு, அதில் இருக்கிற டர்பன்டைன் காற்றில் பறந்துவிட, மிஞ்சுகிற ரோசின் கெட்டியாகி உட்கார்ந்துகொள்ளும், தண்ணீரை அது மதிக்கவே மதிக்காது. மூன்றாவதாக ஒன்று உண்டு, அது பிசினே இல்லை. இலையில் இருக்கிற அசுவினி, தத்துப்பூச்சி எல்லாம் சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பாக ஒரு திரவத்தைக் கழிக்கும், மரத்தடியில் நின்ற வண்டியின் கூரை முழுக்கப் பொடிப்பொடியாக ஒட்டுகிற புள்ளிகள் பெரும்பாலும் அதுதான். அதற்கு வெந்நீரும் கார் ஷாம்புவும் போதும்.

அதனால் எது என்று தெரியாவிட்டால் முதலில் வெந்நீர். கொதிக்கிற நீர் அல்ல, கை பொறுக்கிற சூடு. முதலில் வண்டியைக் கழுவி மண்ணைப் போக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் துணிக்கு அடியில் மணல் சிக்கி உப்புத்தாள் வேலை பார்த்துவிடும். வண்டி நிழலில் நிற்கட்டும், பானெட் தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். அப்புறம் நனைத்த துணியை அந்த இடத்தில் போட்டு ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். நான் இப்போது கூரையிலும் பானெட்டிலும் போட்டு எடுத்தேன். கூரையில் இருந்த புள்ளிகள் துணியோடு வந்துவிட்டன. பானெட்டில் இருப்பது அப்படியே இருக்கிறது, கொஞ்சம்கூட அசையவில்லை. ஆக, அது ரோசின்.

இதற்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், 70 சதவீதம் போதும். முதலில் கதவைத் திறந்து உள்விளிம்பில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள், துணியில் வண்டியின் நிறம் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டிக்கு இதெல்லாம் வேண்டாம். பக்கத்தில் சிகரெட், நெருப்பு எதுவும் கூடாது.

இப்போது பாருங்கள். மைக்ரோஃபைபர் துணியின் ஒரு முனையை நனைத்து, துளி மேல் வைத்து, லேசாக அழுத்திப் பிடிக்கிறேன். தேய்க்கவில்லை, கவனியுங்கள், சும்மா பிடித்திருக்கிறேன். அரை நிமிடம் ஆயிற்று. எடுத்தால்... ஓரம் கரைந்து நூல் நூலாக இழுக்கிறது, நடுவில் மட்டும் ஒரு கடுகு மிச்சம். அதே முனையை மறுபடி வைக்காதீர்கள், கரைந்த பிசினைச் சுற்றிலும் பூசிவிடுவீர்கள். துணியை மடித்துச் சுத்தமான பக்கத்தை வையுங்கள், இன்னொரு அரை நிமிடம். ம், வந்துவிட்டது! உடனே ஷாம்பு நீரால் கழுவித் துடைத்துவிடுகிறேன். கதவு மாதிரி செங்குத்தான இடத்தில் ஆல்கஹால் வழிந்துபோகும், அங்கே கை கழுவுகிற சானிடைசர் ஜெல் நன்றாக நிற்கும், அதிலும் ஆல்கஹால்தானே இருக்கிறது.

தின்னர், அசிட்டோன், நகப்பூச்சு நீக்கி, இந்த மூன்றும் பிசினோடு பெயின்டையும் சேர்த்துத் தின்றுவிடும், தொடவே தொடாதீர்கள். ஹெட்லைட் பிளாஸ்டிக், அதற்கு ஆல்கஹாலும் வேண்டாம், வெந்நீரோடு பொறுமையாகப் போராடுங்கள். முன்கண்ணாடி தைரியமான இடம், சோப்பு நீர் தடவிப் புது பிளேடைப் படுக்கவைத்துத் தள்ளினால் வந்துவிடும்.

துளி இருந்த இடத்தில் விரலை ஓட்டினால் இன்னும் சொரசொரப்பாக இருக்கிறதா? அதற்குக் கிளே பார், அதாவது பெயின்டில் ஒட்டியிருப்பதை இழுத்தெடுக்கிற களிமண் மாதிரியான கட்டி, நிறைய நீர் தெளித்து, அழுத்தாமல் ஓட்டுங்கள். ஆனால் மேட் ஃபினிஷ், அதாவது பளபளப்பில்லாத பெயின்ட் அடித்த வண்டியில் கிளே, பாலிஷ் இரண்டும் கூடாது, பளபளப்புத் திட்டு விழுந்துவிடும். வெயிலில் பல நாள் கிடந்த பிசின் எடுத்த பிறகும் வட்டமாக ஒரு தழும்பு விடும், அது கிளியர் கோட்டிலேயே இறங்கியது, மெல்லிய பாலிஷ் போட்டால்தான் மங்கும்.

கடைசியாக வாக்ஸ். ஆல்கஹால் பிசினோடு பழைய வாக்ஸையும் எடுத்துவிட்டது, அந்த இடம் இப்போது வெறுமையாக இருக்கிறது, அடுத்த துளி நேராகக் கிளியர் கோட்டில் உட்காரும். அதனால் இன்றைக்கே போட்டுவிடுகிறேன். உங்கள் வண்டியில் விழுந்தது வெந்நீரில் கரைந்ததா, ஆல்கஹாலில் கரைந்ததா, எந்த மரத்தடி என்று கீழே எழுதுங்கள், மரத்தின் பெயர் கட்டாயம் வேண்டும்.