அடிபட்டதும் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது

நேயர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டில் வேலை பார்க்கும் தம்பிமார்கள் எத்தனையோ பேர் காய்ச்சல் வந்தால் இரண்டு பனடால் போட்டுக்கொண்டு சைட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். காரணம், பில் பயம். அரசு மருத்துவமனையில் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு மானியம் இல்லை, முழுக் கட்டணம்தான். ஆனால் உங்கள் மருத்துவச் செலவுக்குச் சட்டப்படி பொறுப்பாளி முதலாளி. இதை முதலில் மனதில் வையுங்கள்.

கட்டுமானம், கப்பல் பட்டறை, ரசாயன ஆலை வேலைகளில் இருப்பவர்களுக்கும் டார்மிட்டரியில் தங்குபவர்களுக்கும் 2022 ஏப்ரல் முதல் ஒரு மருத்துவத் திட்டம் கட்டாயம். வருடக் கட்டணம் கம்பெனியுடையது. கிளினிக்குக்குப் போனால் நீங்கள் தருவது 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), போனில் டாக்டரைப் பார்த்தால் 2 வெள்ளி. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் இதில் அடக்கம். ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரை தீர்ந்ததும் அப்படியே நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து. ஒன்று கவனியுங்கள்: கம்பெனி உங்களைப் பதிந்திருக்கும் மையத்தில்தான் இந்தக் கட்டணம். வேறு கிளினிக்குக்குப் போனால் பில் முழுதாக வரும். எந்த மையம் என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே கேட்டு வையுங்கள்.

மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் கம்பெனி எடுத்த காப்பீடு இருக்கிறது. 2023 ஜூலை முதல் வருடத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளி வரை. முதல் 15,000 முழுவதும் காப்பீட்டு நிறுவனம் கட்டும். அதற்கு மேல் முக்கால் பங்கு அவர்கள், கால் பங்கு முதலாளி.

இனி வேலையில் அடிபடுவது. காரியம் கெட்டுப்போவது பெரும்பாலும் டாக்டர் முன்னால் உட்காரும் அந்த முதல் பத்து நிமிடத்தில்தான். "ரூமில் வழுக்கி விழுந்தேன்னு சொல்லு, நான் பார்த்துக்கிறேன்" என்று கூட வந்த சூப்பர்வைசர் சொல்வார். டாக்டர் அதையே எழுதிவிடுவார். பிறகு நஷ்டஈடு கேட்டால் காப்பீட்டு நிறுவனம் முதலில் எடுத்துப் பார்ப்பது அந்தக் குறிப்பைத்தான். அதனால் எந்தத் தேதி, எந்த இடம், என்ன வேலை, எப்படி அடிபட்டது, எல்லாவற்றையும் உள்ளதை உள்ளபடி நீங்களே சொல்லுங்கள். ஆங்கிலம் வரவில்லையென்றால் தமிழ் தெரிந்தவரைக் கேளுங்கள், சூப்பர்வைசரையே பேச விடாதீர்கள். எம்சியை, அதாவது டாக்டர் தரும் மருத்துவ விடுப்புச் சீட்டை, கம்பெனியில் கொடுக்கும் முன் போட்டோ எடுங்கள். காயத்தையும் விழுந்த இடத்தையும் எடுங்கள். பார்த்தவர்கள் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் எம்சியோ லைட் டியூட்டியோ (இலகுவான வேலை மட்டும்) கிடைத்தாலும், தெரிந்த 10 நாளுக்குள் முதலாளி மனிதவள அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும். "சின்னக் காயம், ரிப்போர்ட் வேண்டாம்" என்பது செல்லாது. வீட்டில் இருந்து ஓய்வெடுத்தால் 14 நாள் வரை, மருத்துவமனை விடுப்பானால் 60 நாள் வரை முழுச் சம்பளம். அதன் பிறகு மூன்றில் இரண்டு பங்கு, விபத்து நடந்து ஒரு வருடம் வரை. ஓவர்டைமும் சேர்த்த சராசரிதான் கணக்கு, வெறும் பேசிக் அல்ல. 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்குச் சிகிச்சைச் செலவு 53,000 வெள்ளி வரை, அல்லது ஒரு வருடம் வரை, எது முதலில் வருகிறதோ அது.

கவனக்குறைவு உங்களுடையது என்றாலும் பொதுவாக இந்த உரிமை போகாது. பெர்மிட் ரத்தானாலும் போகாது. ஆனால் விபத்து நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் நஷ்டஈடு கேட்டாக வேண்டும். வீட்டு வேலை செய்யும் சகோதரிகளுக்கு வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு தரும் இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்களுக்கு முதலாளி தனியாக விபத்துக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும்.

உயிருக்கு ஆபத்து என்றால் 995. கம்பெனி மறுத்தாலோ மிரட்டினாலோ வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர எண் 6536 2692. உங்கள் போனில் மட்டும் போதாது, பக்கத்துக் கட்டிலில் படுப்பவர் போனிலும் பதிந்து வையுங்கள். அடிபட்ட நேரத்தில் போன் பேசப்போவது அவர்தான்.